பதமைத் தாயி பஸ் ஏறின கதை

சனிக்கிழம காலையில எனக்கு இருந்தது ஒரே ஒரு வேல. மாமல்லபுரத்துல ஒரு கல்பட்டறையில இருந்து ஒரு கல்ல எத்துகினு போயி எங்க அக்கா வூட்டுல சேக்கணும். அவ்ளோதான்.

கல்லுன்னா மலை இல்ல மக்களே. ரெண்டு அடி நீளம், ஒரு அடி அகலம், கருப்பு கிரானைட்டு. வாசல்ல பதிக்கிற பேருப் பலகை. எட ஒரு இருபத்தஞ்சு கிலோ வரும்.

இதுல தப்பு நடக்க இன்னா கீதுன்னுதான் நானும் நெனச்சேன்.

எங்க அக்கா எஸ்தர். நர்ஸு வேல. திருக்கழுக்குன்றம் தாண்டி செங்கல்பட்டு போற ரோட்ல, ஒரு புது லேஅவுட்டுல வூடு கட்டி கீறா. காலங்காலமா அடுத்தவன் நெலத்துல நாத்து நட்ட குடும்பம் எங்களுது. எங்க வம்சத்துலயே சொந்தமா ஒரு வாசப்படி வச்ச மொத ஆளு அவதான். அதனால அந்த வாசல்ல மாட்டப் போற கல்லுக்கு எங்க வூட்டுல கீற மரியாதை எனக்குக் கூட கெடையாது.

அவ வூட்டுக்காரரு ஜெபமணி மாமா. ஊரு திருநெல்வேலி பக்கம். கல்பாக்கத்துல வேல. ஆபீஸ்ல இன்னா பண்றாருன்னு தெரியாது. வூட்டுல பழைய தமிழ் அகராதி படிக்கிறாரு. நாம படுத்துகினு போனு நோண்டுறோம்ல, அதே போஸ்ல அவரு படுத்துகினு அகராதி நோண்டுறாரு.

வூட்டுக்குப் பேரு வைக்கணும்னு வந்தப்ப ஆளாளுக்கு ஒண்ணு சொன்னோம். அக்கா 'பெத்தேல்'னா. நா 'எபினேசர்'னு சொன்னேன்.

மாமா கண்ணாடிய கழட்டுனாரு. "அதெல்லாம் தெருவுக்கு நாலு கெடக்கு மாப்ள. சாந்தகுணம்னு பைபிள்ல வருதுல்லா? அதுக்கு நம்ம பழைய தமிழ்ல ஒரு சொல்லு இருக்கு. இப்ப ஒருத்தனும் பொழங்குறதில்ல. பதமை!"

"கேக்கவே பதனி மாதிரி கீது மாமா."

"மென்மைன்னு அர்த்தம்டே! அந்தச் சொல்லு எங்க இருந்து முளைச்சி வருதுன்னு தெரியுமா ஒனக்கு?"

தெரியாது. இந்த மூணு மாசத்துல அந்த முளைச்ச கதைய பதினெட்டு தபா சொல்லி கீறாரு. பதினெட்டு தபாவும் நா தூங்கிட்டேன். நா மட்டும் இல்ல. எங்கப்பா டீவி சவுண்ட ஏத்திக்குவாரு. அக்கா அடுப்புல ஏதோ தீயுதுன்னு ஓடிப்போவா, அடுப்பே பத்த வச்சிருக்க மாட்டா.

வெள்ளிக்கிழம அக்கா என்ன நிக்க வச்சி பேசுனா.

"டேய் டேனி. பதினோரு மணிக்கு பாஸ்டர் வந்து ஜெபம் பண்ணி கல்ல பதிக்கிறாரு. சர்ச்சு ஆளுங்க அம்பது பேரு வராங்க. கல்லு ஒடையாம, லேட்டாவாம, நீ ஒரு கோமாளித்தனமும் பண்ணாம வந்து சேந்துச்சின்னா, மாடி ரூமு உனக்கு."

"இல்லன்னா?"

"இல்லன்னா மாடியில தண்ணி டேங்கு கீதுல்ல? அதுக்குப் பக்கத்துல கூட நிக்க வுட மாட்டேன்."

மாடி ரூமுன்னா சும்மா இல்ல மக்களே. எங்கப்பா வூடு ஒரே ரூமு, நாலு பேரு. நா படுக்கிற எடம் ஃபிரிட்ஜுக்கும் கதவுக்கும் நடுவுல. எவன் தண்ணி குடிக்க வந்தாலும் மொதல்ல என் வயித்துல ஏறி எறங்கிதான் குடிப்பான். காலேஜ பாதியில வுட்டதுல இருந்து நா ஒரு வேலையிலயும் ஆறு மாசம் தாண்டுனதில்ல. ரூமுக்கு வாடக குடுத்துப் போற ஆளு இல்ல நானு. கதவு சாத்துனா சாத்துன மாதிரி இருக்கிற ஒரு ரூமு, அதுவும் ஓசியில! ஒரு கல்லு தூக்குனா போதும்!

காலையில எட்டு மணிக்கே பட்டறையில ஆஜரு.

பட்டறையில ஏழுமலை. என்கூட பத்தாவது படிச்சவன். கல்ல மெஷின்ல அறுத்து பாலிஷு போட்டு, எழுத்த மட்டும் உளியால வெட்டுவான். 'பதமை'ன்னு சும்மா ஜோரா வெட்டி வச்சிருந்தான்.

"மச்சான், பதமைனா இன்னாடா?"ன்னான்.

"மென்மையாம்."

"அப்டியா? நாங்க உளிக்கு பதம் வைப்போம். நெருப்புல காச்சி தண்ணியில முக்குறது. ஓவரா கெட்டி ஆச்சுன்னா பட்டுனு முறிஞ்சிடும். கம்மியாச்சுன்னா மழுங்கிடும். அந்தப் பதமாடா இது?"

"தெர்ல மச்சான். எங்க மாமாவ கேட்டா சொல்லுவாரு. தயவுசெஞ்சி கேக்காத."

அவன் சிரிச்சிகினே, "மேல ஒரு தாமர ஒண்ணு போட்டு வுட்டேன் பாரு. ஃபிரெண்டுக்காக. ஃப்ரீ"ன்னான்.

ஃப்ரீன்னா நா எதையும் வோணாம்னு சொல்ற ஆளே இல்ல. சரின்னுட்டேன்.

கல்ல தூக்கலாம்னு குனியிறேன், ஏழுமலை ஒரு தட்ட எத்துகினு வரான். மஞ்ச, குங்குமம், செவந்திப் பூ, தேங்கா, கற்பூரம்.

"டேய் டேய் டேய்! நாங்க கிறிஸ்டீன்டா!"

"நீ கிறிஸ்டீன்டா. கல்லு எங்க பட்டறையில பொறந்துச்சி. நாங்க அம்மிக்கல்லையே பூச போடாம அனுப்ப மாட்டோம். ஓரமா நில்லு."

ஓரமா நின்னேன்.

கல்லு பூரா மஞ்சத் தண்ணி. தாமரைக்கு நடுவுல ஒரு குங்குமப் பொட்டு. பூவு. சுத்துறதுக்கு ஒரு கோணி குடுடான்னா, கோணி இல்லையாம். சாமி செலைக்கு சுத்துற மஞ்சத் துணிதான் கீதாம். அதுல தாமரையும் எழுத்தும் மட்டும் தெரியிற மாதிரி அழகா கட்டி வுட்டான்.

சரி, போற வழியில ஒரு பைப்படியில கழுவிக்கலாம். துணிய தூக்கிப் போட்டுக்கலாம். நம்ம மூளைக்கு இதெல்லாம் ஒரு மேட்டரா?

ஸ்கூட்டருல கால் வைக்கிற எடத்துல கல்ல நிக்க வச்சி கெளம்புனேன். பஸ் ஸ்டாண்டு கூட தாண்டல. பின் டயரு 'புஸ்ஸ்ஸ்'.

பஞ்சர் கடை தொறந்து கீது. ஆளு இல்ல.

பக்கத்துல பூக்கடையில கேட்டேன். "டீ குடிக்கப் போயிருக்காருப்பா."

"எப்ப வருவாரு?"

"பதினோரு மணிக்கு மேல வருவாரு."

"டீ குடிக்கவா?!"

"அவரு நெதானமாத்தான் குடிப்பாரு."

அந்த டைமுக்கு செங்கல்பட்டு பஸ்ஸு வந்து நின்னுச்சி. திருக்கழுக்குன்றம் வழி. மணி ஒம்போது. அரை மணியில திருக்கழுக்குன்றம். அங்க இருந்து ஒரு ஆட்டோ. பத்து மணிக்கெல்லாம் அக்கா வூட்டுல நாஸ்தாவே சாப்டலாம். ஸ்கூட்டர பூக்கடையில ஒப்படைச்சிட்டு, கல்ல மார்ல அணைச்சிகினு ஏறிட்டேன்.

அன்னைக்கு பௌர்ணமின்னு எனக்கு தெரியாது.

உள்ள பூரா பொம்பளைங்க. திருக்கழுக்குன்றம் மலைய சுத்துறதுக்கு காலையிலயே கெளம்பிட்ட கூட்டம். ஒரு சீட்டுல அம்மன் கோயில் மேளம் அடிக்கிற பம்பைக்காரரு, மடியில பம்பையோட. கல்ல முன்னாடி சீட்டு மேல சாச்சி வச்சேன். கண்டக்டர் வந்தாரு.

"இன்னாபா இது? லக்கேஜு போடணுமே..." ன்னு ஆரம்பிச்சவரு குனிஞ்சி பாத்தாரு. மஞ்ச. குங்குமம். பூவு. டக்குனு செருப்ப பின்னாடி தள்ளி வுட்டுட்டு ரெண்டு கன்னத்துலயும் போட்டுக்கினாரு.

"சாமியா? மொதல்லயே சொல்லக் கூடாதா தம்பி? சாமிக்குப் போயி லக்கேஜு போட்டா எனக்கு வெளங்குமா?"

இங்கதான் மக்களே நா வாயத் தொறந்திருக்கணும். 'சாமி இல்ல சார், வூட்டுப் பேரு'ன்னு ஒரே வரி. வாழ்க்கையில பேசக் கூடாத எல்லா எடத்துலயும் பேசுனவன், அங்க மட்டும் வாய மூடிகினு இருந்துட்டேன். லக்கேஜு ஃப்ரீ ஆச்சே!

முன் சீட்டுல ஒரு அக்கா. அம்பது வயசு இருக்கும். பேரு கன்னிம்மா, அப்பால தெரிஞ்சிச்சி. திரும்பிப் பாத்து, எழுத்துக்கூட்டிப் படிச்சாங்க.

"ப...த...மை. இன்னா சாமி நைனா இது? கேள்வியே படலியே?"

இந்த எடத்துல என் பழைய வேலையப் பத்தி சொல்லணும். நாலு மாசம் மாமல்லபுரத்துல டூரிஸ்டுங்களுக்கு கைடா இருந்தேன். லைசென்ஸு இல்லாத கைடு. அந்தத் தொழில்ல ஒரே ரூலு: 'தெரியாது'ன்னு சொல்லக் கூடாது. எந்தப் பாறையக் காட்டிக் கேட்டாலும் ரெண்டு நிமிஷத்துல ஒரு ராஜா, ஒரு பொண்ணு, ஒரு சாபம் ரெடியா இருக்கணும். வேல போயிடுச்சி. வியாதி போவல.

"பதமைத் தாயிக்கா"ன்னு வந்துடுச்சி வாயில.

"யாரு அது?"

"பல்லவ ராஜாவோட பொண்ணு. மென்மையானவங்க. ஒரு நாளு கடலு பொங்கி ஊருக்குள்ள வந்துச்சி. ஆம்பளைங்க பூரா கரையில நின்னு கத்துறாங்க, கல்லால அடிக்கிறாங்க. கடலு இன்னும் கோவமாயி பனமர ஒசரத்துக்கு வருது. இந்தப் பொண்ணு மட்டும் கிட்டப் போயி, காதுல சொல்ற மாதிரி மெதுவா, 'போதும், போயிடு'ன்னுச்சாம். கடலு அப்டியே திரும்பிடுச்சி. அது திரும்ப வந்துடக் கூடாதுன்னு அந்தப் பொண்ணு கரையிலயே குந்தி கல்லாயிடுச்சி. அதான் பாருங்க, அலை வரப்ப சத்தமா வருது, போறப்ப மெதுவா போவுது."

சொல்லி முடிச்சிட்டு எனக்கே புல்லரிச்சிப் போச்சி. இன்னா கற்பனை! இவனயா காலேஜுல அரியர் போட்டானுங்க!

நிமிந்து பாக்கறேன். கண்டக்டர் டிக்கெட்டு கிழிக்கிறத நிறுத்திட்டாரு. டிரைவரு கண்ணாடியில என்னயே பாக்குறாரு. ரோட்ட பாருய்யா!

கன்னிம்மாக்கா கண்ணுல தண்ணி.

"என் மருமவன் கீறானே நைனா. கை நீட்ட மாட்டான், குடிக்க மாட்டான். ஆனா வாயி! மெதுவா பேசவே தெரியாது. அவன் 'சோறு போடு'ன்னா பக்கத்து வூட்டுல எல போடுறாங்க. எம் பொண்ணு காதுல பஞ்சி வச்சிகினு குடும்பம் நடத்துது. அவனுக்காகத்தான் மலை சுத்தப் போறேன். வழியிலயே தாயி வந்து நின்னுச்சி பாரேன்!"

"அதில்லக்கா..." ன்னேன்.

அதுக்குள்ள எழுந்துட்டாங்க. கல்லுக்கு மேல ஒரு குங்குமம். பின்னாடி வரிசையில இன்னொரு அம்மா. அவங்க மாமியாருக்காக. அதுக்குப் பின்னாடி ஒருத்தவங்க, வூட்டு ஓனருக்காக. கண்டக்டர் வந்து மேனேஜருக்காக ஒரு பொட்டு வச்சிட்டுப் போறாரு. ஒரு ஊருல மென்மை இல்லாதவன் இத்தினி பேரு கீறானான்னு எனக்கே பேஜாராயிடுச்சி.

திருக்கழுக்குன்றம் எல்லைக்கு வந்தோம். பஸ்ஸு நின்னுச்சி. ஸ்டாப்பே இல்ல அங்க.

டிரைவரு எறங்கி வராரு. "புது அம்மன் ஊருக்குள்ள வரப்ப எல்லையில எலுமிச்சம்பழம் வைக்காம ஏத்தக் கூடாதும்மா. என் பஸ்ஸுல நா ரிஸ்க்கு எடுக்க மாட்டேன்."

"அண்ணாத்த, எனக்கு பதினோரு மணிக்கு..."

"தாயிக்கு ஏதுப்பா பதினோரு மணி?"

நாலு பேரு கல்ல எறக்கிட்டாங்க. வேப்பல வந்துச்சி. பக்கத்து டீக்கடையில இருந்து பாலு வந்துச்சி. சக்கர போட்ட பாலு! ஊத்துறாங்க. மேல மஞ்சத்தண்ணி ஒரு கொடம். பம்பைக்காரரு வேற, சும்மா இருந்தா கை அரிக்கும் போல, 'டும்டும்'னு ஆரம்பிச்சிட்டாரு.

போனு அடிக்குது. அக்கா.

"எங்கடா கீற?"

"தோ, திருக்கழுக்குன்றம் வந்துட்டேன்."

"இன்னாடா சத்தம் அது?"

"பக்கத்துல ஏதோ கல்யாணம்க்கா."

"கல்யாணத்துக்கு எவன்டா பம்பை அடிக்கிறான்? கல்லு நல்லா கீதா?"

"உன்னவிட என்னவிட நல்லா கீதுக்கா. பாலுல குளிச்சிகினு கீது."

"இன்னா?"

டவரு இல்லாத மாதிரி 'அலோ அலோ'ன்னு சொல்லி கட் பண்ணிட்டேன்.

மணி பத்தே கால். கல்ல எத்துகினு ஓடிடலாம்னு கைய வச்சேன். கன்னிம்மாக்கா என் கைய புடிச்சிக்கினாங்க.

"தாயி எங்க நைனா குடியேறுது?"

"செங்கல்பட்டு ரோட்ல... புது லேஅவுட்டுல."

"கோயிலு கட்டிட்டீங்களா?"

"கட்டியாச்சிக்கா. ரெண்டு பெட்ரூமு."

"தாயிக்கு ரெண்டு பெட்ரூமா!" பக்கத்துல கீறவங்க பூரா வாயப் பொளக்குறாங்க. "இந்தக் காலத்துல யாருடி செய்வா? வாங்கடி, குடி வச்சிட்டு வந்தே மலைய சுத்திக்கலாம்!"

"வோணாம்க்கா, நா பாத்துக்கிறேன், தனியாவே..."

"புது சாமிய தனியா அனுப்புனா பொம்பளைங்களா நாங்க?"

மூணு ஷேர் ஆட்டோ. மொத ஆட்டோவுல நானு, கல்லு, கன்னிம்மாக்கா. ரெண்டாவதுல பொம்பளைங்க. மூணாவதுல பம்பை. வழி பூரா நா ரிகர்சல் பாக்குறேன். தெருமுனையிலயே உண்மைய சொல்லி, கால்ல வுழுந்து, அனுப்பி வுட்டுடலாம். ஆட்டோ நின்னதும் வாயத் தொறந்தேன்.

பம்பைக்காரரு முந்திகினாரு.

கண்ண மூடி யோசிங்க மக்களே. வாசல்ல ஷாமியானா. வெள்ளச் சேர. சர்ச்சு ஆளுங்க அம்பது பேரு, கையில பைபிளு. நடுவுல வெள்ள அங்கியில பாஸ்டர். பட்டு வேட்டியில மாமா. புதுப் பொடவையில அக்கா. எல்லாரும் அமைதியா கண்ண மூடி ஜெபம் பண்ணிகினு கீறாங்க.

டும்டும்டும்டும்!

அம்பது பேரும் ஒண்ணா கண்ணத் தொறந்தாங்க.

முன்னாடி கற்பூரத் தட்டோட கன்னிம்மாக்கா. பின்னாடி வேப்பலையோட பத்து பொம்பளைங்க. நடுவுல, மஞ்சத் துணி, எலுமிச்ச மால, பாலு சொட்ட சொட்ட பதமைத் தாயி. தூக்கிகினு நானு. என் நெத்தியில எப்ப எவன் பட்ட போட்டான்னு இன்னிக்கி வரைக்கும் தெர்ல.

ஜெபம் நின்னுச்சி. பம்பை நின்னுச்சி. பின்னாடி பிரியாணி அண்டா 'கொதக் கொதக்'னு கொதிக்கிற சத்தம் மட்டும் கேட்டுச்சி.

அக்கா மொகத்தப் பாத்தேன். மாடி ரூமு என் கண்ணு முன்னாடியே செங்கல் செங்கலா இடிஞ்சிச்சி.

பாஸ்டர்தான் மொதல்ல பேசுனாரு. "தம்பி, யாரு இவங்க எல்லாம்?"

கன்னிம்மாக்கா என்ன பாக்குறாங்க. "யாரு நைனா இவங்க எல்லாம்?"

ரெண்டு பக்கமும் ஒரே கேள்வி. நடுவுல இருபத்தஞ்சு கிலோவோட நானு. ராஜா, பொண்ணு, சாபம் எதுவும் ரெடியா இல்ல. வாழ்க்கையிலயே மொத தபா உண்மைய சொல்லிட்டேன்.

"யக்கா. இது சாமி இல்லக்கா. எங்க அக்கா வூட்டுப் பேரு. பட்டறையில பூச போட்டுட்டான். நா லக்கேஜுக்கு பயந்து வாய மூடிகினேன். அப்பால நீங்க கேட்டீங்க, எனக்கு தெரியல, வாயில வந்தத சொல்லிட்டேன்."

"அப்ப அந்த ராஜா பொண்ணு?"

"பொய்யிக்கா."

"அலை?"

"அலை நெசம்."

அடுத்த அஞ்சு நிமிசம் கன்னிம்மாக்கா பேசுனத நா எழுத முடியாது. பேமானின்னு ஆரம்பிச்சாங்க, அதுதான் அதுலயே கொஞ்சம் மரியாதையான வார்த்த. மருமவன் சத்தத்த பத்தி புகார் சொன்ன அம்மா! அவங்க கத்துனதுல ரெண்டு தெரு தள்ளி ஒரு வூட்டுல கதவ தொறந்து பாக்குறாங்க.

"கற்பூரம் ஏத்தி கும்ட்டேன்டா! வாய வுட்டு அழுதேன்டா உன் வூட்டு போர்டுகிட்ட! அந்தப் பேருக்கு இன்னாதான்டா அர்த்தம்? அதையாவது சொல்லித் தொலைடா!"

மக்களே, அப்ப எங்க மாமா மொகத்த நீங்க பாத்திருக்கணும்.

மூணு மாசமா அந்த மனுஷன ஒருத்தன் அந்தக் கேள்வி கேக்கல. பொண்டாட்டி கேக்கல, மாமனாரு கேக்கல. இப்ப தெருவுல, பத்து பொம்பளைங்க, அம்பது சர்ச்சு ஆளு, ஒரு பம்பை, எல்லாரும் பதிலுக்கு நிக்கிறாங்க. வேட்டிய சரி பண்ணிகினு முன்னாடி வந்தாரு. கண்ணு கலங்குது அவருக்கு.

"தாயி, நா சொல்லுதேன். உக்காருங்க. எல்லாரும் உக்காருங்க."

உக்காந்தாங்க! கன்னிம்மாக்கா பாஸ்டர் பக்கத்து சேருல!

"பதமைன்னா மென்மை, சாந்தம். அகராதியில அப்டித்தான் போட்டிருக்கு. பதம்ங்கிற சொல்லுல இருந்து பொறந்தது. சோறு பொங்குதீங்கல்லா? அரிசியாவும் நிக்காம, கூழாவும் ஆவாம ஒரு நெல வரும் பாத்தீங்களா? அது பதம். பாகு காச்சுதோம், அதுல ஒரு பதம். மண்ணு குழைக்கோம், இரும்பு காச்சுதோம், அதுலயும் பதம். அந்த நெலயில நிக்குற மனுசனோட கொணம்தான் பதமை. மென்மைன்னா குழைஞ்சி போறது இல்ல தாயி. பயந்து அடங்குறதும் இல்ல. எவ்வளவு வேகணுமோ அவ்வளவு வெந்து நிக்குறது."

கன்னிம்மாக்கா கோவம் எங்கயோ போயிடுச்சி. யோசிக்கிறாங்க.

"அப்ப எம் மருமவன் இன்னா பதம் சாரு?"

"வேகல தாயி. அரிசி."

"இந்தப் பையன்?"

மாமா என்ன மேல இருந்து கீழ பாத்தாரு. "இவன இன்னும் ஒலையிலயே போடல."

அறுவது சொச்சம் பேரு சிரிச்சாங்க. பாஸ்டர் வாய பொத்திகினு சிரிச்சாரு. அங்கி குலுங்குது.

அதோட முடிச்சிருக்கலாம். மாமா முடிக்கல. பதம், பதப்படுத்துறது, பதமா பேசுறதுன்னு ஒவ்வொரு சொல்லா எடுத்து வுடுறாரு. நடுவுல பின்னாடி இருந்து பிரியாணி மாஸ்டரு கொரல். "சார்! தம்மு ஒடைக்கட்டா? பதம் தாண்டுது சார்!"

"ஒரு நிமிசம்யா! நா அதத்தான் இங்க வெளக்கிக்கிட்டு இருக்கேன்!"

"சார், குழையுது சார்!"

"ஒரே நிமிசம்!"

அந்த ஒரு நிமிசம் நாப்பது நிமிசம் ஓடுச்சி. பிரியாணி பொங்கல் ஆயிடுச்சி. லெக் பீஸு எங்க முடியிது, அரிசி எங்க ஆரம்பிக்குதுன்னு யாருக்கும் தெரியல.

பாஸ்டர்தான் கடைசியில எழுந்தாரு. "நல்லது. அர்த்தம் எல்லாருக்கும் புரிஞ்சிச்சி. கல்ல கழுவிட்டு வாங்க, பதிச்சிடலாம்."

கழுவுனோம். துணி போச்சி, பூ போச்சி, பாலு போச்சி. பாலிஷு போட்ட எடம் கண்ணாடி மாதிரி ஆயிடுச்சி. உளி வெட்டுன எழுத்து மட்டும் சொரசொரன்னு கீதுல்ல, அதுக்குள்ள புகுந்த மஞ்சளு வரவே மாட்டேங்குது. அக்கா முந்தானைய சொருகிகினு, கம்பி நார எடுத்துத் தேய்க்கிறா தேய்க்கிறா. என்ன நெனச்சிகினு தேய்க்கிறான்னு எனக்குத் தெரியும்.

"பதமா தேய்மா"ன்னாரு மாமா.

அக்கா திரும்பி ஒரு பார்வ பாத்தா. மாமா அப்டியே பாத்ரூம் பக்கம் போயிட்டாரு.

கடைசியில கன்னிம்மாக்கா வந்து நார புடுங்குனாங்க. "வுடும்மா. கருப்புக் கல்லுல மஞ்ச எழுத்து. தங்கத்துல எழுதுன மாதிரி நல்லாத்தான் கீது. சாமி இல்லன்னா இன்னா, வூட்டுக்கு அழகா கீதுல்ல?"

அக்கா தள்ளி நின்னு பாத்தா. ரொம்ப நேரம் பாத்தா. அவ வாசல்ல, அவ வூட்டுப் பேரு. சொருகுன முந்தானைய எறக்கி வுட்டுகினு, "பதிச்சிடுங்க"ன்னா.

பன்னெண்டரைக்கு பதிச்சாங்க. பாஸ்டர் ஜெபம் பண்ணாரு. பொம்பளைங்க பத்து பேரும் முந்தானைய தலையில போட்டுகினு 'ஆமென்' சொன்னாங்க. பிரியாணிய ஸ்பூன்ல சாப்ட்டாங்க. பம்பைக்காரரு ரெண்டாவது தபா வாங்குனாரு.

எல்லாரும் கெளம்புனதும் அக்கா என்ன கூப்ட்டா. போச்சி, தண்ணி டேங்கும் போச்சின்னு போயி நின்னேன்.

"கல்லு ஒடையல"ன்னா.

"ஒடையலக்கா."

"லேட்டு."

"லேட்டுக்கா."

"கோமாளித்தனம் பண்ண."

"கொஞ்சம்க்கா."

மாமா குறுக்க வந்தாரு. "எஸ்தரு, அவனுக்கு ரூம குடு. இன்னைக்கு அறுவது பேரு என் பேச்ச கேட்டுருக்காங்க, இவனால. ஆனா ஒரு கண்டிசன். இனிமே வாசல்ல எவன் வந்து நின்னு 'பதமைனா என்ன'ன்னு கேட்டாலும் இவன்தான் எறங்கி வந்து பதில் சொல்லணும். ராஜா, ராணி எதுவும் இல்லாம, ஒழுங்கா, சோத்துப் பதத்துல இருந்து."

சரின்னுட்டேன். ஓசி ரூமு!

குடி வந்து மூணு வாரம் ஆவுது. கூரியர்காரன் கேக்குறான். கேஸ்காரன் கேக்குறான். எதுத்த பிளாட்டுல கொத்து வேல பாக்குற ஆளுங்க ஷிஃப்டு மாத்தி மாத்தி கேக்குறானுங்க.

மென்மைன்னா இன்னான்னு இது வரைக்கும் முப்பது பேருக்கு சொல்லிட்டேன் மக்களே, கடைசி பத்து பேருக்கு கத்திகினேதான் சொன்னேன்.